கடைசி வீட்டின் சாவி

தண்ணீரை விரட்டுவது என் தொழில். சென்னையில் மழைநீர் வடிகால்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் பொறியாளர் நான். எங்கே தேங்கும், எந்தப் பக்கம் சாய்வு, கால்வாயை எவ்வளவு அகலப்படுத்தினால் எவ்வளவு சீக்கிரம் கடலுக்குப் போய்ச் சேரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. வானிலை அறிவிப்பைக் கேட்டதுமே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிற வேளச்சேரியில் குடியிருந்துகொண்டு, அந்தக் கர்வம்கூட இல்லாவிட்டால் ஒருத்தி எப்படித்தான் காலம் தள்ளுவது?

ஆகவே தர்ஷினி தொலைபேசியில், “கலாக்கா, நான் ஒரு ஊருக்குத் தண்ணியை மறிச்சு வைக்கிறதுக்குத் திட்டம் போட்டிருக்கிறன். இந்த மாரிதான் அதுக்குச் சோதினை. வந்து பாருங்கோவன்,” என்றபோது நான் சிரித்துவிட்டேன்.

தர்ஷினி யாழ்ப்பாணத்துத் தீவுக்காரி. ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கரம்பொன். மாறிவரும் வானிலைக்கு ஏற்ப நகரங்களை எப்படி அமைப்பது என்று பாங்காக்கில் ஒரு பயிற்சி வைத்தார்கள்; வகுப்பில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் சண்டை, மத்தியானம் ஒரே தட்டில் சோறு என்று சிநேகம் வளர்ந்தது. படித்ததைக் கொழும்பில் விற்காமல் சொந்தத் தீவுக்கே திரும்பிப்போய், அங்கே பிரதேச சபையில் திட்டம் போடுகிற வேலை பார்ப்பவள். என் அலுவலகத்துக்கும் ஒரு கவலை இருந்தது. கடலோரப் புறநகர் ஒன்றுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். அங்கே மழை பெய்தால் வெள்ளம், வெயில் அடித்தால் கிணறெல்லாம் உப்பு. “போய்ப் பார்த்துவிட்டு வாங்க மேடம்,” என்றார்கள். கசக்குமா?

முதல் நாள். யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்குப் போகும் சாலை கடலுக்கு நடுவே ஓடுகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்தில் கடல், அதில் நின்றபடி வலை இழுக்கும் மனிதர்கள். அழைத்துப்போக வந்த ஓட்டோக்காரர் நிமலன் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

“இந்தியாவிலை எவடம் அக்கா?”

“சென்னை.”

“அப்ப வெள்ளம் உங்களுக்குப் புதுசில்லை,” என்றார். எங்கள் ஊரின் பெருமை கடல் தாண்டி வந்திருக்கிறது.

வழியெல்லாம் பெரிய பெரிய வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. சொந்தக்காரர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்களாம். ஆடி மாதத் திருவிழாவுக்கு வந்து நிற்கிற சில நாட்களில் காலில் மண் ஒட்டக்கூடாது என்று முற்றம் முழுக்கச் சீமெந்து பூசியிருந்தார்கள். “அந்தச் சீமெந்தைக் கண்டாலே எனக்கு நெஞ்சு பத்தும்,” என்றாள் தர்ஷினி. அவளுடைய புதிய விதிப்படி இனிமேல் வீடு கட்டுகிறவர்கள் கிணற்றைச் சுற்றியும் முற்றத்திலும் மண்ணை மூடக்கூடாது. பள்ளிக்கூடக் கட்டடத்தைத் தூண்கள்மேல் தூக்கியிருக்கிறாள். சாலையை இரண்டு இடங்களில் வேண்டுமென்றே தாழ்த்தி, தண்ணீர் குறுக்கே நடந்துபோக வழி விட்டிருக்கிறாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் வாயைத் திறந்து பாராட்டவில்லை. பயிற்சி வகுப்புப் பழக்கம்.

அவள் வீட்டில் இரவுச் சாப்பாடு அரிசிமாப் புட்டும் பாரை மீன் குழம்பும். எங்கள் வீட்டுப் புட்டைச் சர்க்கரை போட்டுத்தான் தொண்டைக்குள் இறக்க வேண்டும். இது குழம்பை உறிஞ்சிக்கொண்டு தானே இறங்கியது. அவளுடைய அம்மா, “இன்னும் கொஞ்சம் வையுங்கோ பிள்ளை, ஒண்டும் செய்யாது,” என்று சொல்லிச் சொல்லி என்னைக் கவிழ்த்துவிட்டார். அப்பா சிவலிங்கம் ஐயா ஒரு பெரிய கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னோடு கலகலவென்று பேசினார். மகளிடம் மட்டும், “உப்புக் காணாது,” “மோர் எடு,” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சண்டை நடக்கிற வீடு என்று மூக்கிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை அணைக்குப் போனோம். சண்டை என்னவென்று அங்கேதான் புரிந்தது.

அந்தத் தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது. நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல், கல்லுக்குள் கடலின் உப்புநீர். பெய்கிற மழை கீழே இறங்கி, பால்மேல் ஆடை மாதிரி அந்த உப்புநீரின்மேல் மெல்லிசாக மிதக்கும். கிணறுகளில் கிடைப்பது அந்த ஆடைதான். இப்போது கடல் மட்டம் ஏற ஏறக் கீழிருந்து உப்பு தள்ளுகிறது. மழையோ பெய்தால் பேய் பிடித்த மாதிரி ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் முகம் காட்டுவதில்லை. கொட்டுகிற அன்றைக்கே பிடித்து வைக்காவிட்டால் சித்திரையில் குடிக்க நல்ல தண்ணீர் இருக்காது. அதற்காகத்தான் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் அணை. அணையில் ஒரு மதகு. மதகுக் கதவுக்கு ஒரு பூட்டு. கதவைத் திறந்தால் ஊர்த் தண்ணீர் முழுவதும் கடலுக்கு ஓடிவிடும். பூட்டியே வைத்தால் அணையோரத்துத் தாழ்வான வீடுகளுக்குள் புகுந்துவிடும். அந்த வீடுகளிலும் ஆகத் தாழ்வானது கடைசி வீடு. அங்கே ஜெனிற்றா என்கிற தையல்காரி தனியாக இருக்கிறார்.

“போன மாரிக்குத் திறப்பு, ஊர்ப் பெரியவர் எண்டு அப்பாட்டைத்தான் இருந்தது,” என்றாள் தர்ஷினி. சாவியைத் திறப்பு என்பார்கள். “ஜெனிற்றா அக்கான்ர வீட்டுக்கை முழங்கால் மட்டும் தண்ணி. வந்து கெஞ்சினவ. இன்னும் ஒரு நாள் நிக்கட்டும், கிணறு ஊறட்டும் எண்டு அப்பா இருந்திட்டார். அந்தப் பக்கத்துப் பொடியள் அலவாங்கைக் கொண்டுபோய்ப் பூட்டை உடைச்சுப்போட்டாங்கள். ஒரு பகல்லை எல்லாத் தண்ணியும் கடலுக்குப் போட்டுது. கோடைக்கு எங்கட கிணறும் உப்பு, ஊர்க் கிணறெல்லாம் உப்பு.”

“அதற்கப்புறம்?”

“அப்பாட்டை இருந்து திறப்பை வாங்கி ஜெனிற்றா அக்காட்டைக் குடுத்திட்டன்.”

“அடிப்பாவி! முதலில் நனைகிறவர் கையிலா சாவி? முதல் தூறலுக்கே திறந்துவிட மாட்டாரா?”

“திறக்கலாம். ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை, அது அவவின்ர உரிமை. திற எண்டோ திறக்காதை எண்டோ மேட்டுப்பக்கத்து ஆக்கள் வாய் திறக்கக்கூடாது. ஆனா ஒரு கட்டு இருக்குது. மழை நாளிலை மேட்டிலை இருக்கிற ஒவ்வொரு வீட்டாலையும் ஒராள் அவ வீட்டை போய் நிக்கவேணும். சாமான் தூக்கவேணும், ஆடு அவிழ்த்துக் கட்டவேணும், சமைக்கவேணும். கிணத்துக்குத் தண்ணி வேணுமெண்டால் அந்த மனிசியைத் தாங்குங்கோ எண்டனான்.”

“இது உதவியா, பிணைக்கைதியா?”

“எப்பிடியும் வைச்சுக்கொள்ளுங்கோ,” என்றாள். அவள் சிரிக்கவில்லை. சபையில் ஒரு மாரிக்கு மட்டும்தான் இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மறுபடியும் பூட்டு உடைந்தாலோ, தேவையில்லாமல் கதவு திறந்தாலோ, கடலுக்கு நேராக ஒரு வாய்க்கால் வெட்டிவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. வெட்டினால் வீடுகள் தப்பும்; ஊரின் கிணறுகளைத் தலைமுழுக வேண்டியதுதான். அப்படிப்பட்ட வாய்க்கால்களை வரைந்துதான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்பதை அவளிடம் சொல்லிக்காட்டவில்லை.

ஜெனிற்றா என் வயதுக்காரர். பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்து கிடக்க, நடுவில் மெசினை ஓட்டிக்கொண்டிருந்தார். சாவி அவர் கழுத்தில், செபமாலையோடு சேர்ந்து தொங்கியது.

“குளிக்கேக்கையும் கழட்டிறேல்லை,” என்றார்.

தரை பளபளத்தது. போன வருட வெள்ளத்தில் பழைய தரை பெயர்ந்துபோக, பிரான்சில் இருக்கும் தம்பி அன்ரன் அனுப்பிய காசில் புதிதாக மாபிள் பதித்திருக்கிறார். வாசல் படிகளையும் உயர்த்தியிருந்தார். மேல்படியில் சிவப்பாக ஒரு கோடு. அதைத் தாண்டினால் வீட்டுக்குள் தண்ணீர் என்று அர்த்தம்.

குடிக்கத் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பவுசர் என்கிற தண்ணீர் லாரி வரும், வராவிட்டால் போத்தல் தண்ணீர் என்றார்.

“சிவலிங்கம் ஐயா வீட்டுக் கிணறு இத்தனை பக்கத்தில் இருக்கிறதே?”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அந்தக் காலத்திலை எங்கட அம்மா அந்த வேலியடியிலை குடத்தோடை நிண்டிருக்கிறா. அவையாப் பாத்து அள்ளி ஊத்தினால் உண்டு. எங்கட ஆக்கள் வாளியைத் தொடேலாது. இப்ப ஒருத்தரும் மறிக்கிறேல்லை. நாங்களும் போறேல்லை.”

தர்ஷினி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு சும்மா இருக்காது. “அப்படியென்றால் நீங்கள் தொடாத கிணற்றுக்காக உங்கள் வீட்டை நனைய விடுவீர்களா?”

“அதைத்தான் தம்பியும் கேக்கிறான்,” என்று சிரித்துவிட்டு மெசினை மிதித்தார். தோழியின் திட்டம் இந்த மழைக்குத் தாங்காது என்று அப்போதே மனதுக்குள் எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் நயினாதீவு. குறிகட்டுவான் துறையில் படகேறியதும் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவை அங்கி கொடுத்தார்கள். மற்றவர்கள் தோளில் சும்மா போட்டுக்கொண்டார்கள். நான்தான் பொறியாளர் ஆயிற்றே, வார்களை இழுத்து ஒழுங்காகப் பூட்டினேன். தீவில் இறங்கும்போது அது கழலவில்லை. படகுக்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு, “ஏலாது அக்கா, இறுகிப் போச்சு,” என்று கையை விரித்தார். பின்னால் எத்தனை பேர் இறங்கக் காத்திருக்கிறார்கள்! தெற்கிலிருந்து அந்தத் தீவின் பௌத்த விகாரைக்கு வந்த ஒரு சிங்களப் பெண்மணி, வெள்ளைப் புடவை, தலையிலிருந்து ஊசியை உருவி, கொக்கியில் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். விடுதலை. சிங்களம் தெரிந்த தர்ஷினி முன்னாலேயே இறங்கிவிட்டாள்; நன்றி சொல்ல எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் சிரித்து முடித்தோம்.

அம்மன் சந்நிதியில் நின்றபோது தர்ஷினி கண்ணை மூடி வெகுநேரம் வேண்டிக்கொண்டாள். மழை வேண்டுமென்றா வேண்டாமென்றா என்று கேட்டேன். “அதுதான் எனக்கும் விளங்கேல்லை,” என்றாள். மத்தியானம் மடத்தில் சாப்பாடு. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கடைசியில் பாயசம். பக்கத்தில் யார், என்ன ஊர் என்று யாரும் கேட்கவில்லை, வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போனார்கள். சென்னையில் கல்யாணப் பந்திகளில் இடம் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற நம் ஜனங்களை நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மழை பிடித்துவிட்டது. கடல்மேல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊசி கொடுத்த பெண்மணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுக் கணவரிடம் ஏதோ சொன்னார். தர்ஷினி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். “இவ்வளவு நல்ல தண்ணி கடலுக்கை விழுந்து வீணாப்போகுதே எண்டு மனுசனிட்டைக் கவலைப்படுறா. என்ர வேலையை உவ ஒரு வரியிலை சொல்லிப்போட்டா,” என்றாள்.

மழை விடவில்லை. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, நெடுந்தீவுக்குப் போவதாக ஏற்பாடு. பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளையும் அங்கே மேய்கிற குதிரைகளையும் பார்த்தே தீருவது என்று வந்தவள் நான். காலையிலேயே கடல் குழம்பிவிட்டது, படகு ஓடாது என்று செய்தி வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைப் பாலப்பத்தின்மேல் காட்டினேன். தர்ஷினி ஒரு விள்ளல்கூடச் சாப்பிடவில்லை. சிவலிங்கம் ஐயா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசி வீட்டுக்குப் போவதென்று நிமலனின் ஓட்டோவில் கிளம்பினோம். தர்ஷினி தாழ்த்திவைத்த சாலையில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருக்க, நட்டநடுவில் ஓட்டோ இருமிவிட்டு நின்றது. நிமலன், “நீங்கள் இருங்கோ அக்கா, நான் தள்ளுறன்,” என்றார். வேளச்சேரிக்காரிக்கு ஓட்டோ தள்ளத் தெரியாதா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, புகைக்குழாயில் தண்ணீர் ஏறாதபடி எந்தச் சாய்வில் தள்ள வேண்டுமோ அந்தச் சாய்வில் தள்ளினேன். “மெய்யே, நல்ல பழக்கம்தான்,” என்றார் நிமலன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

கடைசி வீட்டில் திருவிழாக் கூட்டம். மேட்டுப்பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொருவர் வந்திருந்தார்கள். பிரிட்ஜை இரண்டு மேசைகளின்மேல் ஏற்றியிருந்தார்கள். தையல் மெசின் கட்டில்மேல், சீருடை மூட்டைகள் அலுமாரிமேல், ஆடுகள் பள்ளிக்கூட விறாந்தையில். ஒரு பெரிய மனிதர் மாதா சிலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். குசினியில் பெரிய பானையில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் கொதித்தது. நண்டும் இறாலும் மீனும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் ஒன்றாக வேகிற அந்த மணத்தில் வெள்ளம் ஒரு கணம் மறந்துபோனது. வாசலுக்கு வந்து பார்த்தேன். தண்ணீர் இரண்டாம் படியில் நின்றது. மேலே இன்னும் ஒரு படிதான்.

அலுமாரியில் சாய்த்துவைத்த போனில் அன்ரன் தெரிந்தார். கம்பளித் தொப்பி, பின்னால் யாரோ உறங்குகிற கட்டில். “அக்கா, திறவுங்கோ! உங்களுக்கென்ன விசரே? ஆரின்ர கிணத்துக்கு உங்கட வீட்டை வெள்ளத்திலை விடுறியள்? நான் குளிருக்கை நிண்டு கோப்பை கழுவின காசு அந்த மாபிள்!” மேட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. யாரும் தலை நிமிரவில்லை. கட்டு கட்டுதான்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. தர்ஷினி நகத்தைக் கடித்துக்கொண்டு கதவருகே நின்றாள். இப்போது இந்த அம்மாள் கதவைத் திறந்தால் அவளுடைய திட்டம் போயிற்று. திறக்காவிட்டால் இவர் வீடு போயிற்று.

என்னால் பொறுக்க முடியவில்லை. வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவிக் காயவைப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். சேறு போனாலும் நாற்றம் போகாது. “ஜெனிற்றா, திறந்துவிடுங்கள். கொஞ்சமாகத் திறந்தாலும் போதும். யாராலும் உங்களைக் குறை சொல்ல முடியாது,” என்று சொல்லிவிட்டேன். தர்ஷினி என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

ஜெனிற்றா கூழைக் கிண்டியபடி திரும்பினார். “போன வருசம் என்ர வீட்டுக்கை முழங்கால் மட்டும் தண்ணி வந்தது. ஒரு குருவியும் எட்டிப் பாக்கேல்லை. இண்டைக்குப் படியிலை நிக்கேக்கையே ஊர் முழுக்க என்ர வாசல்லை நிக்குது. நான் திறந்தனெண்டால் எல்லாரும் குடையை விரிச்சுக்கொண்டு வீட்டை போயிடுவினம். நிக்கட்டும், கொஞ்சம் நிக்கட்டும்!”

வீடே சிரித்தது. மாதா சிலையைப் பிடித்திருந்தவர்கூடச் சிரித்தார். அன்ரன் மட்டும் பிரெஞ்சில் எதையோ முணுமுணுத்தார்.

மத்தியானத்துக்கு மேல் சிவலிங்கம் ஐயா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, குடையோடு, முற்றத்து வெள்ளத்துக்குள் வந்து நின்றார். படியேறவில்லை. அவர் அந்த வீட்டுக்குள் அதுவரை கால் வைத்ததே இல்லை என்று தர்ஷினி என் காதில் சொன்னாள்.

“ஐயா, ஏன் தண்ணிக்கை நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ,” என்றார் ஜெனிற்றா.

அவர் ஏறி வந்தார். யாரோ ஒரு கதிரையைத் தள்ளினார்கள். எல்லோரும் கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு வெள்ளிக்கிழமை, சைவம். “அப்ப தேத்தண்ணி குடிப்பியள்தானே,” என்று ஜெனிற்றா கேட்கவில்லை, கொண்டுவந்து நீட்டிவிட்டார். கோப்பையை அவர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

தண்ணீர் மேல்படிக்கு வந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்புறம், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாசற்படியைத் தாண்டி அந்த மாபிள்மேல் மெல்ல வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. ஐயா கால்களைத் தூக்கிக் கதிரையின் குறுக்குச் சட்டத்தில் வைத்தார்.

“பிள்ளை, போதும். திறவும்,” என்றார்.

“அப்பா! அப்பிடிச் சொல்லக்கூடாது!” தர்ஷினி கத்தினாள்.

“நீ பேசாமல் இரு. வீட்டுக்கை தண்ணி வந்திட்டுது, கண் தெரியேல்லையே? கிணத்தைப் பேந்து பாப்பம்.” உப்பும் மோரும் இல்லாமல் அவர் மகளிடம் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

கட்டு அதோடு அவிழ்ந்தது. “ஓம் அக்கா, திறவுங்கோ,” “போதும் அக்கா, நாங்கள் சமாளிக்கிறம்,” என்று மேட்டுக்காரர்கள் ஆளுக்கு ஆள் கெஞ்சினார்கள். போனில் அன்ரன் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். ஜெனிற்றா கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார். சாவியை விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், மேற்கே வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

“ஐயா, திறப்பை என்னட்டைத் தந்தது நான் நினைக்கேக்கை திறக்கத்தான். நீங்கள் சொல்லேக்கை திறக்க இல்லை,” என்றார். “வானம் வெளிக்குது. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ.”

மாலை மறுபடி கழுத்துக்குப் போனது. அவர் ஒரு துணியை எடுத்துப்போட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் குனிந்து தள்ளினோம், பிழிந்தோம். சிவலிங்கம் ஐயா தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்து, வேட்டியை இன்னும் மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தார். மழை அப்புறம் தூறலானது. தண்ணீர் மண்ணுக்குள் ஊறி, கோட்டுக்குக் கீழே இறங்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மதகுக் கதவு அசையவே இல்லை.

எனக்கு அந்த மனுஷியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கட்டிப்பிடித்தேன். தர்ஷினியையும் பிடித்து இழுத்துக்கொண்டேன். “நான் சொன்னது தப்பு, உன் திட்டம்தான் சரி, போதுமா?” என்றேன். அழுதுகொண்டே, “பாங்கொக்கிலையே சொல்லியிருக்கலாம்,” என்றாள். என் தோழி என்று சொல்லிக்கொள்ள அதைவிடப் பெருமையான நாள் எனக்கு வாய்க்கவில்லை.

சென்னையில் எங்கள் ஏரிகளுக்கும் கதவுகள் உண்டு. அவை திறக்கிற செய்தி, தண்ணீர் தெருமுனைக்கு வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரியும். அந்தச் சாவிகள் எந்த மேசை இழுப்பறையில் இருக்கின்றன என்று இத்தனை வருடம் வேலை செய்த எனக்கே தெரியாது. அலுவலகத்துக்கு எழுதவேண்டிய குறிப்பை ஐந்தாம் நாள் காலையில் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வேலிப்படலை திறக்கிற சத்தம் கேட்டது. நல்ல வெயில். ஜெனிற்றா ஒரு வாளியோடு உள்ளே வந்தார். வீட்டில் சேறு கழுவ வேண்டும். தண்ணீர் நின்ற சாலையில் பவுசர் வரவில்லை. வேலியோரத்தில் அவர் நிற்கவில்லை, கூப்பிட்டும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவலிங்கம் ஐயா எழுந்து நின்றார். தர்ஷினி என் தோளை இறுகப் பிடித்தாள்.

ஜெனிற்றா கயிற்றைப் பிடித்துக் கிணற்று வாளியை இறக்கினார். கப்பி கிறீச்சிட்டது. நிறைந்த வாளியை இழுத்து மதில்மேல் வைத்து, கையில் ஏந்திக் குடித்தார்.

குசினிக்குள்ளிருந்து அம்மா இன்னொரு வாளியோடு ஓடிவந்தார். “பிள்ளை, உம்மட வாளி சின்னன், இதையும் கொண்டு போம். தண்ணி எப்பிடி, நல்லா இருக்குதே?”

“என்ன கேள்வி கேக்கிறியள் அக்கா,” என்று ஜெனிற்றா வாயைத் துடைத்துக்கொண்டார். “என்ர வாசல்லை நிண்ட தண்ணி, எனக்குத் தெரியாதே?”